வீட்டு அறையா, திருவனந்தபுரமா, சென்னையா: குமரியிலிருந்து சொந்தப் பாட்டு வெளியிட ஒன்றரை லட்சத்தை எங்கே போடுவது?

குமரி மாவட்டத்தில் வாத்தியம் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. சர்ச் கொயரில் கீபோர்டு, கல்யாண வரவேற்பில் கிட்டார், கோயில் கொடை விழாவில் கானமேளா என்ற பாட்டுக் கச்சேரி, டிசம்பர் முழுக்கக் கேரல் என்று ஓடியோடியே நாலு வாத்தியம் கைக்கு வந்துவிடுகிறது. அப்படிச் சேர்ந்த ஒன்றரை லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது, பத்துப் பன்னிரண்டு சொந்தப் பாட்டு நோட்டில் இருக்கிறது என்று வையுங்கள். இந்த இடத்தில்தான் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். வீட்டிலேயே ஓர் அறையை ஸ்டூடியோ ஆக்கு என்பார் ஒருவர். பக்கத்தில் திருவனந்தபுரம் இருக்க வேறெங்கே போவது என்பார் இன்னொருவர். சென்னைக்குப் போகாமல் பாட்டுக்காரன் ஆக முடியாது என்பார் மூன்றாமவர்.

மூன்றையும் ஒரே தராசில் வைக்க ஓர் அளவு வேண்டும். இங்கே எடுத்துக்கொள்வது: ஒரு வருடத்தில் ஆறு சொந்தப் பாட்டு, பதிவு செய்து, மிக்ஸிங் (தனித்தனியே பதிந்த டிராக்குகளைச் சமன்செய்து சேர்ப்பது), மாஸ்டரிங் (சேர்த்த பாட்டை வெளியீட்டுக்கு மெருகேற்றுவது) முடித்து, உங்கள் பெயரில் வெளியாக வேண்டும். ஏன் ஆறு? ஒற்றைப் பாட்டை வைத்துக் கேட்பவர் உங்கள் குரலை நினைவில் வைக்க மாட்டார். ஆறு பாட்டு என்றால் மேடையில் அரை மணி நேரத்துக்கு ஆகும். இரண்டு மாதத்துக்கு ஒன்று என்பது வேலைக்குப் போய்க்கொண்டே செய்யக்கூடிய வேகமும்கூட.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். உங்களிடம் இல்லாததற்கு மட்டும் காசு கொடுங்கள். நாலு வாத்தியம் வாசிப்பவரிடம் வாத்தியக்காரர்கள் இருக்கிறார்கள். அவரிடம் இல்லாதவை இரண்டு: சத்தம் அடங்கிய அறை, தன் வாசிப்பைத் தானல்லாத ஒருவர் கேட்கும் காது. கீழே வரும் கணக்கு முழுவதும் இந்த இரண்டைச் சுற்றித்தான்.

நேரக் கணக்கு

பல வாத்தியம் வாசிப்பவர்கள் ஸ்டூடியோவில் ஒரு கணக்கைத் தவறவிடுவார்கள். எல்லாம் நானே வாசிக்கிறேன், செலவு குறையும் என்று நினைப்பார்கள். வாத்தியக்காரர் சம்பளம் குறையும், உண்மை. ஆனால் ஐந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் வாசித்து முடிப்பதை, ஒருவர் ஒவ்வொன்றாக ஐந்து மணி நேரம் வாசிக்கிறார். ஸ்டூடியோ கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரு பாட்டுக்கு நேரம் போட்டுப் பாருங்கள். பேஸ் கிட்டார் ஒன்றரை மணி, இரண்டு கிட்டார் மூன்று மணி, கீபோர்டு ஒன்றரை, தாள வாத்தியம் இரண்டு, குரலும் ஒத்துக்குரலும் நாலு, நடுவில் மைக் மாற்றி லெவல் பார்க்க இரண்டு. மொத்தம் 14 மணி. வாடகை மணிக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு பாட்டுக்கு 11,200. ஆறு பாட்டுக்கு 67,200. மிக்ஸிங் இன்னும் தொடங்கவே இல்லை.

குரலை மட்டும் ஸ்டூடியோவில் எடுத்தால் பாட்டுக்கு 4 மணி, 3,200 ரூபாய். ஆறு பாட்டுக்கு 19,200. மிச்சமாகும் 48,000 ரூபாயில் வாத்தியங்களை வீட்டில் பதிவு செய்யத் தேவையான சாமான் அத்தனையும் வாங்கிவிடலாம்: மைக்கையும் வாத்தியத்தையும் லேப்டாப்போடு இணைக்கும், இரண்டு உள்ளீடு கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் சுமார் 18,000, காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன் 7,000, ஷ்யூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக் 9,500, ஸ்டாண்டும் கேபிளும் 4,000, ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளின் தனிநபர் உரிமம் 60 டாலர், ஏறக்குறைய 5,500. கூட்டினால் 44,000. லேப்டாப் ஏற்கெனவே இருக்கிறது என்று கொண்ட கணக்கு இது. 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் போதும். வாடகை உங்கள் ஊரில் வேறாக இருந்தால் 800-ஐ மாற்றிப் போட்டுப் பாருங்கள். சுமார் 730-க்குக் கீழே இறங்கினால் இந்த வருடம் சாமான் வாங்குவதில் லாபமில்லை. ஆனால் அடுத்த வருடமும் அந்தச் சாமான் இருக்கும்.

ஸ்பீக்கர் மானிட்டர் இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. எதிரொலிக்கும் அறையில் இருபதாயிரம் ரூபாய் மானிட்டர் வைத்தால், அறையின் குறையைத்தான் தெளிவாகக் கேட்பீர்கள். முதல் வருடம் ஹெட்ஃபோன் போதும்.

வீடு: இலவசம் போலத் தோன்றும், இல்லை

நம் மாவட்டத்து வீட்டுப் பதிவின் முதல் எதிரி மழை. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் இது. ஜூனில் தொடங்கும் தென்மேற்கும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கும் சேர்ந்து பாதி வருடத்தைத் தின்றுவிடும். மேல்மாடியில் ஷீட் கூரை போட்ட அறை என்றால் அந்த மாதங்களில் குரல் பதிவை மறந்துவிடலாம். கான்கிரீட் கூரையின் கீழ், தரைத்தளத்தில், ஜன்னல் குறைந்த அறையே நல்லது. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் இருப்பவர்களுக்குக் காற்று தனித் தொல்லை. கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் ஜன்னல் கதவு அதிர்வது மைக்கில் அடிக்குரல் உறுமலாக விழும். குரல் டிராக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் உறுமல் போகும், கதவு தட்டும் ஒலி போகாது. கதவிடுக்கில் பழைய துணியைத் திணிப்பதுதான் மருந்து.

ஜனவரி தொடங்கி மார்ச் வரை மழை குறைவு. ஆனால் மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, அதையொட்டி ஊர் ஊராகக் கொடை, ஒலிபெருக்கி. ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. திருவிழாக்களுக்கு வருடத்தில் 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை அரசு தளர்வு தரலாம். ஆகவே நமக்குக் கிடைக்கும் நேரம் இரவு பன்னிரண்டு முதல் நாலு மணி வரை. நாஞ்சில் நாட்டு வயல் பக்கம் வீடு என்றால் மழை விட்ட இரவில் தவளைக் கூட்டம் வேறு. அந்தச் சத்தத்தை நாய்ஸ் கேட் போட்டு நீக்கலாம் என்று நினைக்காதீர்கள். கேட் என்பது நீங்கள் பாடாத இடத்தில் ஒலியை மூடும் கருவி, அவ்வளவே. பாடும் இடத்தில் திறக்கும்போது குரலோடு தவளையும் சேர்ந்து வரும். வரிக்கு வரி தவளை வந்து வந்து போவது, தொடர்ந்து கேட்பதைவிட மோசம்.

இரண்டாவது, அறை. நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். தட்டிய பிறகு தகரம் நடுங்குவதுபோல ஒரு மெல்லிய 'டிர்ர்' கேட்டால், எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள். முட்டை அட்டை ஒட்டுவதால் இது தீராது. அட்டை மெலிது, எடையில்லை. கீச்சொலியைக் கொஞ்சம் குறைத்து, அறையின் உறுமலை அப்படியே விட்டுவிடும். வீட்டிலிருக்கும் பஞ்சு மெத்தையே மேல். பலரும் மைக்குக்குப் பின்னால் மெத்தையைச் சாத்துகிறார்கள். கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம். அது கேட்பது பாடுபவரின் முகத்தையும், அவர் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவரையும். எனவே மெத்தை உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். இரண்டாவது மெத்தை இருந்தால் பக்கவாட்டில். துணி நிறைந்த மர அலமாரியைத் திறந்துவைத்து அதற்கு முதுகு காட்டிப் பாடினாலும் இதே பலன்.

மூன்றாவது, கரண்ட். பதிவில் 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்டால் முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். நின்றால் குற்றவாளி சார்ஜர். பேட்டரியில் ஓட்டிப் பதிவு செய்யுங்கள். நிற்கவில்லையென்றால் வீட்டு எர்த்தை எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது எவ்வளவு நல்ல இன்டர்ஃபேஸும் இரையும். சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் சரி. இரைச்சல் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை உடைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு கை கிட்டார் கம்பியில், உதடு மைக்கில் இருக்கும்போது உங்கள் உடம்புதான் எர்த் ஆகும்.

மென்பொருள் அமைப்பில் சில விஷயங்கள். பதிவின் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். லெவல் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையே. 24 பிட்டில் சத்தமாகப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை, கிளிப் ஆனால், அதாவது உச்சம் தாண்டி ஒலி வெட்டுப்பட்டால், திரும்பக் கிடைக்காது. வாசிக்கும்போது பஃபர் (கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலித்துண்டின் அளவு) 128 சாம்பிள், மிக்ஸ் செய்யும்போது 1024. உங்கள் குரல் ஹெட்ஃபோனில் இரட்டையாகவோ குழாய்க்குள்ளிருந்து வருவதுபோலவோ கேட்டால், உங்கள் ஒலியை நேரே ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரும் மென்பொருளின் மானிட்டரும் ஒன்றாக ஓடுகின்றன. ஒன்றை அணையுங்கள்.

கிட்டாரும் உடுக்கும் ஈரக்காற்றும்

மரக் கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் உகந்தது. குளச்சல், முட்டம் கரையில் அது பல மாதம் எட்டாத கனவு. ஈரம் ஏறினால் கிட்டாரின் முகப்பலகை உப்பும், கம்பி உயரும், மேல் கட்டைகளில் (ஃப்ரெட்) சுருதி ஏறும். திறந்த கம்பியில் ட்யூனர் பச்சை காட்டும், ஐந்தாம் கட்டையில் கோர்டு கசக்கும். வாசிப்பவர் தன் விரலைக் குறை சொல்வார். பதிவுக்கு முன் 12-ஆம் கட்டையில் கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக் ஒலியையும் அதே கட்டையில் அழுத்திய ஒலியையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் அன்று பதிவு வேண்டாம். பெட்டிக்குள் சிலிகா ஜெல், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி, வாசித்ததும் கம்பியை உலர்ந்த துணியால் துடைப்பது, இவ்வளவே செய்யக்கூடியது. புதுக் கம்பியைப் பதிவன்று மாட்டாதீர்கள், முந்தின நாள் மாட்டி இழுத்துவிடுங்கள். மைக்கை ஒலித்துளைக்கு நேரே வைத்தால் குடம்போல முழங்கும். 12-ஆம் கட்டைக்கு எதிரே, 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் வைப்பது பாதுகாப்பான இடம்.

நம் ஊர்ப் பாட்டுக்காரர் உடுக்கும் குடமும் சேர்க்க ஆசைப்படுவது இயல்பு. வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த மண். என்.எஸ். கிருஷ்ணன் பிறந்த ஒழுகினசேரி நாகர்கோவிலுக்குள்தான் இருக்கிறது. ஆனால் சாம்பிள் பேக் எனப்படும் ஆயத்த ஒலித்துண்டுத் தொகுப்பில் கிடைக்கும் 'இந்தியத் தாளம்' அந்த ஒலியைத் தராது. உடுக்கின் இடைக்கயிற்றை அழுத்தி விடும்போது ஒலி வளைந்து ஏறி இறங்குவதுதான் அதன் உயிர். வெட்டி ஒட்டிய ஒற்றை அடியில் வளைவு இருக்காது. ஆகவே நேரடிப் பதிவுதான். மழைநாளில் தோல் தொய்ந்து 'தொப்' என்று அடிக்கும். வெயிலில் கொஞ்ச நேரம் காயவைத்து எடுத்தால் குரல் திரும்பும்; அடுப்பருகே காட்டினால் சமமில்லாமல் இறுகிக் கிழியலாம். மைக் 30 செ.மீ. தள்ளி, தோலுக்கு நேரே வைக்காமல் சற்றுச் சாய்த்து. உச்சம் சடாரென்று வரும் என்பதால் லெவலை இன்னும் கொஞ்சம் குறைத்து வையுங்கள். குடத்தின் வாய்க்கு நேரே மைக் வைத்தால் ஒவ்வோர் அடிக்கும் காற்று தள்ளி 'புப்' என்று வெடிக்கும். 45 பாகை விலக்குங்கள். வில்லை வீசுகோலால் அடிக்கும் பகுதியைக் கடைசியில், தனியே, ஒரு மீட்டர் தூரத்தில் எடுங்கள். மணிகள் கூட இருந்தால் மற்ற எல்லா டிராக்கிலும் சிதறும்.

வில்லிசைக் கலைஞர் ஒருவரை அழைத்து வாசிக்கவைக்க முடிந்தால் அதுவே சிறந்தது. சம்பளம் கொடுத்து, பாட்டின் விவரத்தில் பெயரும் போடுங்கள். யூடியூபில் கிடக்கும் கொடைப் பதிவிலிருந்து நாலு விநாடி வெட்டி எடுப்பது மலிவு போலத் தோன்றும். அந்தக் கலைஞருக்கும் சட்டப்படி உரிமை இருக்கிறது, பதிவு செய்தவருக்கும் இருக்கிறது.

இதைவிடப் பெரிய பிரச்சினை, காதில் சட்டென்று படாதது. எல்லா வாத்தியமும் ஒருவரே வாசித்தால், அவர் தாளத்தில் முந்தும் பழக்கம் எல்லா டிராக்கிலும் ஒரே பக்கம் சாயும். கிட்டார் கொஞ்சம் முந்துகிறது, அதைக் கேட்டு வாசித்த பேஸ் இன்னும் முந்துகிறது, அதன்மேல் கீபோர்டு. தனித்தனியே கேட்டால் பிழை தெரியாது. கேட்பவருக்கு ஏனோ மூச்சுமுட்டும். வேகம் காட்டும் கிளிக் ஒலியோடு முதலில் தோராயமான குரலும் கிட்டாரும் எடுத்து, அதற்குமேல் தாளம், பேஸ், பிறகு நிஜக் கிட்டார், கீபோர்டு, ஆகக் கடைசியில் குரல் என்று போங்கள். ஒவ்வொரு வாத்தியமும் தோராயத்தைக் கேட்காமல் தாளத்தைக் கேட்டு வாசிக்கட்டும். முடிந்தால் ஒரே ஒரு வாத்தியத்தை, முக்கியமாகப் பேஸை, நண்பரிடம் கொடுங்கள். பாட்டுக்குள் இன்னொரு மனிதர் வந்துவிடுவார்.

திருவனந்தபுரம்: குரலுக்கும் காதுக்கும்

நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குள். மார்த்தாண்டம், களியக்காவிளைக்காரர்களுக்கு இன்னும் பக்கம். காலையில் ரயிலேறி மாலையில் திரும்பலாம். 1956 நவம்பர் 1 வரை ஒரே திருவிதாங்கூர் மண்ணாக இருந்ததன் மிச்சம் பேச்சிலும் காதிலும் இன்னும் இருக்கிறது. மலையாளத்தில் ராக் பாடிய அவியல் குழு உருவான ஊர் அது. மானவீயம் வீதியில் தெருவிலேயே நின்று பாடுகிறார்கள். 1939-இல் தொடங்கிய சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி இருப்பதால் வயலின், வீணை வாசிக்க ஆள் தேடுவதும் எளிது.

மொழி விஷயத்தில் ஒரு நன்மை, ஒரு தீமை. 'வெள்ளம்' (தண்ணீர்), 'சக்கை' (பலாப்பழம்), 'பைய' (மெல்ல) என்று குமரித் தமிழில் எழுதினால் அங்குள்ள ஒலிப்பதிவாளருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் 'ற'வும் 'ர'வும் பாட்டில் மயங்கினால், மெய்யெழுத்து ஒன்று விழுங்கப்பட்டால் அவர் நிறுத்த மாட்டார். வரிகளை அச்சடித்து, மூச்செடுக்கும் இடங்களைக் குறித்து, தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலிப்பதிவாளர் அருகே உட்காரவையுங்கள். இந்த ஒரு ஆளால் மறுபதிவுச் செலவு மிச்சமாகும்.

ஒரே நாளில் இரண்டு பாட்டு பாடிவிடலாம் என்று எட்டு மணி நேரம் பதிவு செய்துவிடாதீர்கள். மூன்று நாலு மணி நேரம் பாடிய பின் தொண்டையில் உச்சஸ்தாயி தடிக்கும். ஒரு நாளுக்கு ஒரு பாட்டு, பதினொன்று முதல் மூன்று மணி வரை. விடியற்காலை ரயிலேறிய குரல் அதற்கு முன் திறக்காது. மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம், நடுவில் மூச்சுக்காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர். முழுப்பாட்டாக மூன்று டேக், பிறகு வரிவரியாகத் திருத்தம். வரிவரியாகவே தொடங்கினால் சுருதி சுத்தமாக இருக்கும், பாவம் செத்திருக்கும்.

சுருதி திருத்தும் மென்பொருளைப் பற்றி முன்கூட்டியே பேசுங்கள். திருத்தும் வேகத்தைக் கூட்டி வைத்தால் கமகம் படிக்கட்டாக உடையும். தேவையான இரண்டு மூன்று சுரத்தைக் கையால் திருத்தச் சொல்லுங்கள்.

மிக்ஸிங்கை வெளியில் கொடுப்பதற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை. ஒரே பாட்டை இருநூறு முறை கேட்ட காதுக்கு, வரி புரிகிறதா இல்லையா என்பது தெரியாது, வரி மனப்பாடம். பாட்டுக்கு மிக்ஸிங் 8,000, மாஸ்டரிங் 2,000 என்று ஒதுக்கினால் ஆறு பாட்டுக்கு 60,000. சாமான் 44,000, குரல் பதிவு 19,200 சேர்த்தால் 1,23,200. மிச்சம் 26,800 பயணம், அட்டைப்படம், விநியோகக் கட்டணம், பதிப்புரிமைப் பதிவு ஆகியவற்றுக்கு. எத்தனை முறை திருத்தித் தருவார், மூன்றா ஐந்தா, என்று தொடங்குமுன் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். முடிவில் கையில் இருக்க வேண்டியவை: மாஸ்டர் வேவ் கோப்பு, குரலில்லாத பதிப்பு, ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி டிராக். குரலில்லாத பதிப்பு இல்லாவிட்டால் அடுத்த மாதம் மேடையில் தவிப்பீர்கள்.

சென்னை: எப்போது சரி, எப்போது தவறு

பகிர்ந்த அறை, சாப்பாடு, பயணம் என்று மாதம் 15,000 போட்டால் ஒன்றரை லட்சம் பத்து மாதத்தில் கரையும், ஒரு பாட்டும் பதிவாகாமல். கணக்கு இவ்வளவு கறாராக இருப்பதால் பலரும் சென்னையை ஒரேயடியாகத் தள்ளிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. வேறெங்கும் கிடைக்காதது அங்கே கிடைக்கிறது: தினமும் பதிவு நடக்கும் இடத்தில் உட்கார்ந்து பார்ப்பது. இசையமைப்பாளர்களுக்கு டிராக் பாடுவது (இறுதிப் பாடகருக்கு முன் மாதிரியாகப் பாடித் தருவது), கோரஸ், விளம்பர ஜிங்கிள், புரோகிராமிங் உதவி என்று நாலு வாத்தியம் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது. தனி இசைக்கென்று கேட்பவர் கூட்டமும் அங்கே உருவாகியிருக்கிறது. கபேர் வாசுகி போல எழுதிப் பாடுபவர்களும், கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் போன்ற குழுக்களும் சினிமாவுக்கு வெளியே நின்று அதைக் காட்டியவர்கள்.

ஆனால் டிராக் பாடுபவரின் குரல் பெரும்பாலும் இறுதிப் பாட்டில் இருக்காது. பகல் முழுக்க அடுத்தவர் மெட்டுக்கு வாசித்துவிட்டு இரவில் சொந்த மெட்டைத் தொடும் தெம்பு எல்லாருக்கும் வராது. இன்னொன்று, 'பைய' என்பதை 'மெல்ல' ஆக்கு, எல்லாருக்கும் புரியட்டும் என்று அன்பாகவே சொல்வார்கள். முதல் பாட்டில் ஒரு சொல் மாறும். ஆறாம் பாட்டில் உங்கள் ஊர் இருக்காது. குமரிக்காரர் பாட்டுக்குத் தனிச்சுவை தருவதே அந்தச் சொற்கள்தான் என்பது நம் உறுதியான கருத்து.

கையில் ஆறு பாட்டோடு போனால் நிலைமை வேறு. யாராவது என்ன செய்வாய் என்று கேட்டால் காட்ட ஒரு லிங்க் இருக்கும். இரவு ரயிலேறி ஒரு வாரம் தங்கி, பத்துப் பேரைப் பார்த்துத் திரும்ப ஐந்தாறாயிரம் ரூபாய் ஆகும். வருடத்தில் இரண்டு முறை போகலாம். ஆறு மாதத்துக்கு வேலை உறுதியானால் மட்டும் வீடு பாருங்கள்.

காகிதம்

எந்த வழி போனாலும் இது மாறாது. சட்டப்படி வரிக்கும் மெட்டுக்கும் முதல் உரிமையாளர் எழுதியவரும் மெட்டமைத்தவரும். ஒலிப்பதிவுக்கு உரிமையாளர், அதைத் தயாரிக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர். நான் செலவு செய்கிறேன், நீ பாடு என்று ஒரு சேனல்காரர் வந்தால், பதிவு அவருடையதாகிறது என்று புரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள். தவறில்லை, தெரிந்து செய்தால். ஒப்பந்தத்தில் காலம் எழுதப்படவில்லையென்றால் ஐந்து வருடம் என்றும், எல்லை எழுதப்படவில்லையென்றால் இந்தியாவுக்குள் என்றும் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு கொள்கிறது. அதனால்தான் 'உலகம் முழுவதும், நிரந்தரமாக' என்ற சொற்களை எழுதிக்கொண்டு வருவார்கள். அந்த வரியைப் படிக்கும்போது பேனாவைக் கீழே வையுங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு வரி எழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டியில் தமக்குள்ள சமபங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. ஐபிஆர்எஸ் என்ற பதிப்புரிமைச் சங்கத்தில் எழுத்தாளராகவும் இசையமைப்பாளராகவும் சேர்வது இந்தப் பங்கை வசூலிக்கத்தான்.

பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை, எழுதிய கணமே வந்துவிடுகிறது. சண்டை வந்தால் சான்றாக உதவும். வரிக்கு 500, மெட்டுக்கு 500 ரூபாய் அரசுக் கட்டணம். ஆறு பாட்டுக்கு 6,000.

வெளியீட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனங்கள் இரண்டு மாதிரி: வருடச் சந்தா வாங்கி வருமானத்தில் கைவைக்காதவை, ஒருமுறை கட்டணம் வாங்கிப் பங்கு பிடிப்பவை. டிஸ்ட்ரோகிட் முதல் மாதிரி, சிடி பேபி இரண்டாவது. அது 9 சதவீதம் எடுக்கிறது. சந்தா கட்டத் தவறினால் பாட்டுகள் இறங்கிவிடும் என்பதை நினைவில் வைத்தால், வருடம் இரண்டு பாட்டு மட்டும் போடுபவருக்கு இரண்டாவதே நிம்மதி. ஆறு போடுபவருக்கு முதலாவது. அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்சல். வெளியீட்டுக்கு மூன்று நாலு வாரம் முன்பே ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபையில் பிளேலிஸ்ட்டுக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது 7 நாள் அவகாசம் வேண்டும். கடந்த 12 மாதத்தில் 1000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே காசு வராது, 2024 முதல் விதி அப்படி. மற்றவர் விற்கும் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் ஒலித்துண்டு) சேர்த்திருந்தால், ஒரே ஒலியைக் கண்டுபிடித்து உரிமை கோரும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பதிவு செய்யாதீர்கள். அதே லூப்பை வாங்கிய இன்னொருவருக்கு உங்கள் பெயரில் உரிமைக்கோரல் போகும், பதிலுக்கு உங்களுக்கும் வரும்.

ஸ்ட்ரீமிங்கை முதல் இரண்டு வருடம் வருமானமாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். சோறு போடுவது மேடைதான், அதை விடக் கூடாது. மூன்று மணி நேரக் கானமேளாவில் கேட்பவர்கள் தெரிந்த பாட்டைத்தான் கேட்க வந்திருக்கிறார்கள். அவர்கள் கை தட்டப் பழகிய இரண்டாம் பாதியில் சொந்தப் பாட்டு இரண்டைச் செருகுங்கள், முதல் பாட்டாக வைக்காதீர்கள். நாகர்கோவில் வானொலி நிலையம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. மெல்லிசைக் குரல் தேர்வுக்கு விண்ணப்பிப்பது நல்ல பழக்கம்.

வருடத்தை எப்படிப் பிரிப்பது

ஜனவரியிலும் பிப்ரவரி முதல் பாதியிலும் ஆறு பாட்டுக்கும் தாளம், கிட்டார், பேஸ். மேடை கூடும் கொடைக்காலத்தில் பதிவைத் தொடாமல் வாசித்ததைக் கேட்டு மட்டும் குறித்துவையுங்கள். சித்திரைக்குப் பிறகு மாதம் ஒன்றாகக் குரல் பதிவு, திருவனந்தபுரத்தில். மழையில் வீடு உதவாது, ஸ்டூடியோவுக்கு மழை தெரியாது. முதல் பாட்டு ஜூனில் வெளியாகலாம். மிக்ஸிங்குக்கு அனுப்பும்போது எல்லா டிராக்கையும், நடுவில் தொடங்கும் வாத்தியமாக இருந்தாலும், பூஜ்ஜிய விநாடியிலிருந்தே ஏற்றுமதி செய்யுங்கள். அப்படிச் செய்யாத கோப்புகளை அடுக்கி ஒட்டுவதற்கே ஒரு மணி நேர வாடகை போகும். கோப்பின் பெயரில் பாட்டு, வேகம், சுருதி மூன்றும் இருக்கட்டும்.

ஐப்பசி இடி தொடங்குமுன் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். இடிச் சத்தம் தூரத்தில் கேட்டதுமே இன்டர்ஃபேஸையும் சார்ஜரையும் பிளக்கிலிருந்து உருவிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது.